மலாய் நாட்டிற் குடியேறிய தமிழரும் சீனரும்

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களில், பாட்டனாரோ பாட்டனாரின் தமையனாரோ நாகப்பட்டினத்திற் கப்பலேறிப் பினாங்குக்குப் போனார் என்னும் செய்தியைக் கேளாத குடும்பம் அரிது. சிலர் பணத்தோடு திரும்பினர், சிலர் நோயோடு திரும்பினர், பலர் திரும்பவேயில்லை. திரும்பி வந்த முதியோர் திண்ணையில் அமர்ந்து அந்நாட்டுக் கதைகளைச் சொல்லும்போது, "நாமும் கூலியாகத்தான் போனோம், சீனனும் கூலியாகத்தான் வந்தான், அவன் கடை வைத்தான், நாம் பால்மரம் வெட்டிக்கொண்டே இருந்தோம்" என்று சொல்லிப் பெருமூச்செறிவது வழக்கம். காரணம் யாதெனக் கேட்டால், சீனன் சுறுசுறுப்புள்ளவன், நம்மவன் சோம்பலும் குடியும் உடையவன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவர். இம்முடிவு நியாயமானதுதானா என்பதைச் சரித்திரத்தைக் கொண்டு பார்ப்போம்.

முதலில் வேற்றுமையின் அளவை அறிதல் வேண்டும். 1970-ஆம் ஆண்டில் மலேசிய சர்க்கார் எடுத்த கணக்கின்படி, தீபகற்ப மலேசியாவில் ஒரு சீனக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 394 வெள்ளி. இந்தியக் குடும்பத்தினது 304 வெள்ளி. மலாய்க் குடும்பத்தினது 172 வெள்ளி. இதைமட்டும் நோக்கின் நம்மவர் நிலை அவ்வளவு தாழ்ந்ததன்று எனத் தோன்றும். ஆயின் இந்தியர் என்னும் தலைப்பில் வைத்தியரும் வழக்கறிஞரும் வட்டித் தொழில் செய்வோரும் தோட்டக் கூலிகளும் ஒன்றாகவே எண்ணப்பட்டனர். உண்மை நிலையைக் காட்டுவது உடைமைக் கணக்கு. அவ்வாண்டில் கம்பெனிகளின் பங்கு மூலதனத்தில் அந்நிய நாட்டாருக்கு 63 சதவிகிதத்திற்கு மேலும், சீனருக்கு ஏறக்குறைய 27 சதவிகிதமும், மலாய்க்காரருக்கு 2.4 சதவிகிதமும் உரியனவாயிருந்தன. இந்தியருக்கு உரியது 1.1 சதவிகிதமே. ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்கினர்; உடைமையில் நூற்றில் ஒரு பங்கினர். தமிழன் கூலி வாங்கினான், பொருள் சேர்க்கவில்லை. மலாய்க்காரரின் வறுமை இவ்விருவர் நிலையினும் கொடிது. அதன் காரணங்கள் வேறாதலின் இங்கே விரிக்கவில்லை.

இனிச் சீனர் வந்த வகையைக் காண்போம். பேராக்கில் லாருட் பகுதியில் 1840-களில் ஈயம் கண்டெடுக்கப்பட்டபின் சீனர் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கப்பற் கூலிக்கும் பணமில்லாத ஏழைகள். அப்பணத்தைத் தரகர் முன்னதாகக் கொடுத்து, கரையிறங்கியபின் அவர்களைச் சுரங்க முதலாளியிடம் ஒப்புவிப்பர். 'சின்கே' என்று அழைக்கப்பட்ட இப்புதிய கூலி, அக்கடன் தீரும்வரை ஏறத்தாழ அடிமையாகவே உழைத்தான். அவனுக்கு அரிசியும் அபினியும் சாராயமும் விற்றவர் அவனுடைய 'தவுக்கே' எனப்படும் முதலாளியே. அபினி விற்கும் உரிமையைச் சர்க்காரிடம் குத்தகை எடுத்தவர்களும் அத்தகைய தவுக்கேகளே. அபினியால் அழிந்த சீனக் கூலிகள் எண்ணிறந்தோர். கள்ளினால் தமிழன் கெட்டான் என்போர், அபினிக்கு நடுவே சீனன் எவ்வாறு பிழைத்தான் என்பதையும் உடன் சொல்லல் வேண்டும்.

அவன் பிழைத்ததற்கு ஒரு காரணம், கடன் தீர்ந்த நாளில் அவனுக்குப் போக இடமிருந்தமை. சுரங்கத்தைச் சுற்றி ஊர் எழுந்தது. ஊரில் கடை, பட்டறை, காய்கறித் தோட்டம், பன்றிப் பண்ணை முதலிய தொழில்கள் பல. சில சுரங்கங்களில் கூலியாட்களே விளைவிற் பங்குபெறும் வழக்கமும் இருந்ததாகலின், ஈயத்தின் விலை ஏறும்போது அவர்கள் கைப்பொருளும் ஏறியது. 1854-இல் வெறுங்கையோடு மலாக்காவில் வந்திறங்கிய யாப் ஆ லோய், 1868-இல் கோலாலம்பூரின் சீனத் தலைவராகிய 'கப்பித்தான்' ஆனார். லோக் யூ என்பவர் சிறுவராக வந்து சிங்கப்பூர்க் கடையொன்றில் வேலைக்கமர்ந்து, சேமித்த சிறு தொகையைக் கொண்டு தொழில் தொடங்கி, நாட்டின் பெருஞ் செல்வருள் ஒருவராய் 1917-இல் மறைந்தார். இவ்விருவரையும்போல் ஆகாதவர் லட்சக்கணக்கினர் என்பதை மறத்தலாகாது. எனினும் ஏறுவதற்கு ஏணி என ஒன்று இருந்தது.

தமிழர் போன வழி வேறு. கரும்புத் தோட்டத்திற்கும், பிறகு காப்பித் தோட்டத்திற்கும், 1900-க்குப் பின் ரப்பர்த் தோட்டத்திற்கும் அவர்கள் அழைக்கப்பட்டனர். முதலில் சஞ்சிக் கூலி முறை. அது 1910-இல் ஒழிந்தது. அதனோடு கூடவே வளர்ந்தது கங்காணி முறை. இந்திய சர்க்கார் 1938-இல் கூலிகளை அனுப்புவதைத் தடுக்கும்வரை அது நீடித்தது. கங்காணி தன் ஊருக்கே வந்து, தன் சாதியாரையும் உறவினரையும் ஆசைகாட்டித் திரட்டிச் செல்வான். அழைத்துச் சென்றோர் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. தோட்டத்துக் கடையும் பலவிடங்களில் அவனுடையதே. ஆகவே, தன் ஆட்கள் தோட்டத்தை விட்டு வெளியேறாதிருப்பதே அவனுக்கு லாபம்.

தோட்டமோ ஒரு தனி உலகம். லயத்து வீடு துரையுடையது, மருத்துவமனையும் துரையுடையது, கள்ளுக்கடையும் தோட்டத்திற்குள்ளேயே இருந்தது. பட்டணம் பல மைல்களுக்கு அப்பால். 1910-இல் ரப்பரின் விலை லண்டன் சந்தையில் முன் எவரும் கண்டிராத உயரத்திற்குச் சென்று, பங்குதாரர் பெருஞ் செல்வராயினர். மரத்தைச் சீவினவனுக்கோ நாட்கூலியே. விலை வீழ்ந்தபோது மட்டும் அவனுக்கும் பங்கு கிடைத்தது: 1930-இல் ஆணுக்கு 50 காசாயிருந்த நாட்கூலி 40 காசாகக் குறைக்கப்பட்டது, பெண்ணுக்கு 40 காசு 32 காசாயிற்று. அந்த மந்த காலத்தில் லட்சத்திற்கு மேற்பட்ட தமிழர் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலையிழந்த சீனரிலும் பலர் திரும்பினர். ஆயினும் பலர் காட்டோரத்து நிலத்தை வெட்டித் திருத்திக் கீரையும் மரவள்ளியும் பயிரிட்டு நாட்டிலேயே தங்கினர். நிலத்தை மிதித்து நிற்பவனுக்கும் லயத்தில் குடியிருப்பவனுக்கும் உள்ள வேற்றுமை இதில் நன்கு புலப்படும்.

கூலி வேற்றுமையைத் தமிழர் அறியாதவரல்லர். 1941-இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டவற்றுள் தலையாயது, பக்கத்தே வேலை செய்யும் சீனருக்குக் கொடுக்கும் கூலியைத் தமக்கும் கொடுக்கவேண்டும் என்பது. தோட்டங்களிற் கள்ளுக்கடைகளை மூடுக, தங்கள் பிள்ளைகளுக்குச் சரியான கல்வி தருக, துரைமார் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்க என்பனவும் அவர்கள் கோரிக்கைகள். குடிகாரரென்று நாம் பழித்த அதே மக்கள் கள்ளுக்கடையை மூடும்படி கேட்டுப் போராடினர். பட்டாளம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிப் பிரயோகத்தில் ஐவர் மாண்டனர். தலைவராகிய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

நிற்க. தமிழரிடத்தில் மூலதனமே இல்லையோ எனின், இருந்தது, ஏராளமாயிருந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாட்டுக்கோட்டை நகரத்தார் கிட்டங்கிகள் வரிசையாய் இருந்தன. மூன்று வருஷத் தவணைக்கு அனுப்பப்பட்ட ஏஜெண்டுகள் பெட்டியடியில் அமர்ந்து கடன் கொடுத்தனர். சீனருடைய சுரங்கங்களிலும் ரப்பர் நிலங்களிலும் நகரத்தார் பணம் பெரிதும் ஓடிற்று. பத்திரமும் நிலமும் உடைய சீனனுக்கு அக்கடன் கிடைத்தது. லயத்துத் தமிழனுக்கு அடமானம் வைக்க யாதுமில்லையாதலின் கிடைக்கவில்லை. இதை நகரத்தார்பாற் குறையாகச் சொல்லவில்லை. ஈடு இல்லாதவனுக்குக் கொடுப்பவர் வட்டித் தொழிலில் நிலைத்திரார். ஆனால் ஒரே நாட்டில் தமிழனின் பணம் சீனன் தொழிலை வளர்க்க, அதன் லாபம் செட்டிநாட்டு மாளிகைகளுக்குத் தேக்கு மரமாகவும் பளிங்குக் கல்லாகவும் வந்து சேர, இடையில் நின்ற தமிழ்க் கூலிக்கு அப்பணத்தின் காற்றுக்கூடப் படவில்லை என்பது சரித்திரம்.

விதிவிலக்கு ஒன்று குறிக்கத்தக்கது. சிங்கப்பூரிற் பிறந்து கோலாலம்பூரில் வாழ்ந்த தம்புசாமிப் பிள்ளையவர்கள், மேலே சொன்ன லோக் யூவுடன் கூட்டுச் சேர்ந்து ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தி, 1894-இலேயே மின்சாரத்தால் இயங்கும் பம்பைக் கொண்டு நீர் இறைத்தார். வாய்ப்புற்ற தமிழனுக்குத் தொழில் தெரியாமற் போகவில்லை. அத்தகையோர் இருந்தது பட்டணத்தில், தோட்டத்தில் அல்ல.

சீனருக்குக் கடன் கொடுத்தது நகரத்தார் மட்டுமன்று. அவர்களுக்குள் ஏலச்சீட்டை ஒத்த சீட்டு முறை உண்டு. ஒரே குடும்பப் பெயருடையோர் கூடி அமைத்த 'கொங்சி' என்னும் சங்கங்களும் உண்டு. இதை நம் சங்கத்தார் சற்று நின்று கவனிக்க வேண்டுகிறேன். பினாங்கில் கூ என்னும் குலப்பெயருடையோர் 1835-இல் ஒரு சங்கம் கண்டனர். முன்னோர் வழிபாட்டிற்குக் கோயில் ஒன்று. அதனைச் சுற்றிச் சங்கத்தின் சொந்தமாக வரிசை வீடுகள். அவற்றின் வாடகை சங்கப் பொதுநிதிக்கு. புதிதாய் வந்தவனுக்குத் தங்க இடமும், ஈமக்கடனுக்கு உதவியும், பிள்ளைகளுக்குக் கல்வியும் அதனால் நடந்தன. அவர்கள் கோயிலின் அழகைக் காண இன்றும் வெளிநாட்டார் வருகின்றனர். நமக்கு வேண்டியது அதனைச் சூழ்ந்துள்ள வாடகை வீடுகளின் செய்தி.

அச்சங்கங்கள் யாவும் புண்ணிய ஸ்தாபனங்கள் என்று மயங்கவும் வேண்டாம். கீ ஹின், ஹாய் சான் என்னும் இரகசியக் கூட்டங்கள் லாருட்டில் 1861 முதல் பல்லாண்டு போரிட்டு இரத்தம் சிந்தின. ஒரே மொழியாளர் ஒரு பக்கம், மற்றொரு மொழியாளர் மறுபக்கம். ஆயினும் பிற்காலத்தில் பினாங்கில் 1903-லும் சிங்கப்பூரில் 1906-லும் சீன வர்த்தக சங்கங்கள் தோன்றி, ஹொக்கியன், கான்டனீஸ், தியோச்சு முதலிய வகுப்பாரை ஒருங்கே கூட்டின. மூன்று சீன பாங்குகள் 1932-இல் ஒன்றாகச் சேர்ந்தன. குலச் சங்கம் அவர்களுக்கு முதற்படியாயிருந்தது.

நம்மவரிடத்தில் நடந்தது யாது? சாதி அங்கேயும் கப்பலேறிச் சென்றது. ஆதிதிராவிடருக்கு ஒரு லயம், மற்றையோருக்கு வேறு லயம். தண்ணீர்க் குழாயும் வேறு. ஒரே கூலி வாங்கி, ஒரே துரைக்கு அஞ்சி, ஒரே கள்ளுக்கடையில் காசை இழந்தவர்கள் அந்திக்குப் பின் தனித்தனியே பிரிந்தனர். சாதியின்பேரில் நிதி திரட்டியவர் சிலர். ஒதுக்கி வைத்தவர் பலர். சாதிச் சங்கப் பத்திரிகையிலேயே இதை எழுதுவது சிலருக்கு உவப்பாயிராது. ஆனால் நம் பெரியோர் சிலர் கங்காணிகளாயும் தண்டல்களாயும் அங்கே இருந்தமையால், நாம் சொல்லாமற் பிறர் சொல்லக் கேட்பது அழகன்று. சிங்கப்பூரில் 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935-இல் கோ. சாரங்கபாணியவர்களின் தமிழ் முரசும் தோன்றி இதனைக் கண்டித்து வந்தமை குறிப்பிடத்தக்கது.

கல்வியிலும் இவ்வேற்றுமையே. பத்துப் பிள்ளைகள் இருப்பின் தோட்டத்திற் பள்ளி நடத்தவேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பல தோட்டங்களில் கிராணியோ, எழுத்தறிந்த கங்காணியோ உபாத்தியாயராக அமர, பிள்ளை சில வகுப்புகள் கற்றுப் பால்வாளியைத் தூக்கிச் சென்றது. சீனர் தம் பள்ளிகளைத் தாமே நடத்தினர். பினாங்கின் சுங் ஹுவா பள்ளி 1904-இல் ஏற்பட்டது. 1950-களில் சிங்கப்பூரில் நன்யாங் சர்வகலாசாலைக்கு நிதி திரட்டியபோது, மூன்று சக்கர வண்டி ஓட்டுவோரும் தம் ஒருநாள் வரும்படியைத் தந்தனர். நம்மவரும் கொடாதவரல்லர்: அதே காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டுமென்று சாரங்கபாணியவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் தொடங்க, சாதாரண ஜனங்கள் சிறுதொகையாகக் கொடுத்தனர்.

யுத்தம் இருவரையும் வாட்டியது. ஜப்பானியர் சிங்கப்பூர்ச் சீனரைக் கொன்று குவித்தனர். தமிழரைச் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு சென்று பல்லாயிரவரை மாளச் செய்தனர். பின்னர் வந்த அவசர காலத்தில் காட்டோரச் சீனர் ஏறத்தாழ 5 லட்சம் பேர் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களிற் குடியேற்றப்பட்டனர். துன்பம் மிக்க ஏற்பாடேயாயினும், வீடு கட்ட மனையும் பள்ளியும் பலவிடங்களில் மின்சாரமும் அவர்களுக்கு அதனாற் கிட்டின.

தமிழருக்கு அடுத்து வந்தது தோட்டத் துண்டாடல். 1950-களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் சில தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர் அவற்றைச் சிறு துண்டுகளாக வெட்டி விற்றனர். துண்டை வாங்கியவருள் சீனர் பலர். தலைமுறையாகச் சீவினவன் லயத்தையும் இழந்தான். 1969-இல் பிரஜையல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டுமென ஏற்பட்டபின் சுமார் 60,000 இந்தியர் நாட்டைவிட்டே வெளியேறினர்.

இதற்கு மாற்றாகத் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தலாம். தோட்டந்தோறும் சென்று அவர் தொழிலாளரிடம் நேரிற் பேசினார். பிற்காலத்தில், 1982-இல், மைக்கா ஹோல்டிங்ஸ் என்னும் கம்பெனி இந்தியரிடமிருந்து 10 கோடி வெள்ளிக்கு மேல் திரட்டிற்று. தாலியை அடகு வைத்துப் பங்கு வாங்கினோரும் உண்டென்பர். அவர்கள் நம்பிய பலன் கிட்டவில்லை. கூட்டுறவுச் சங்கமோ நின்றது. அதன் முதல் தோட்டம் கெடாவில் புக்கிட் சிடிம். 1961-இல் அதை வாங்கியபோது அங்கே மரம் வெட்டிய தமிழன், மறுநாட் காலையிலும் அதே மரத்தையே வெட்டினான். பங்குச் சீட்டு அவன் பெட்டியில் இருந்தது.