நிறுவனம் பிரிந்தது, ஊர் வளர்ந்தது: திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியின் பாதை

ஒரு நிறுவனம் உள்ளூர்ச் சந்தையில் காலூன்றும். பிறகு முகவர் வழியாக வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும். பழக்கம் கூடியதும் அங்கே விற்பனைக் கிளை திறக்கும். கடைசியில் ஆலையே அமைக்கும். யொஹான்சன், வால்னே என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர்கள் 1977இல் வகுத்த இந்தப் படிவரிசையைத்தான் வணிகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஸ்வீடனின் பெரிய நிறுவனங்களைப் பார்த்துப் பிறந்த கோட்பாடு அது. அதற்கு மறு ஆண்டு ஏற்றுமதியில் இறங்கிய திருப்பூர், முதல் இரண்டு படிகளுக்கு மேல் அந்த வரிசைக்குள் அடங்கவில்லை. அங்கே உலகச் சந்தைக்குப் போனது தனி நிறுவனம் அன்று, ஊர் முழுவதும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1978க்கு முன் திருப்பூர் என்றால் வெள்ளைப் பனியனும் ஜட்டியும்தான். பக்கத்திலிருந்த கோவை ஆலைகளிலிருந்து நூல் வந்தது. சரக்கு இந்தியச் சந்தைக்குப் போனது. அந்த ஆண்டு இத்தாலிய இறக்குமதியாளர் ஒருவர் மும்பை வணிகர்கள் மூலம் கேட்டதும் வெள்ளை டி-சர்ட்தான். பனியன் கம்பெனிக்கு அது பெரிய தாவல் இல்லை. ஆனால் எல்.சி. என்னும் வங்கிக் கடனுறுதிப் பத்திரம், கப்பல் ஆவணம், அயல்நாட்டு அளவு முறை போன்றவை மும்பைக்காரர் கையில் இருந்தன. அந்த அறிவுக்கான விலையே இடைத்தரகு. 1980களில் ஐரோப்பியக் கடைத்தொடர்கள் நேராகத் திருப்பூருக்கே வரத் தொடங்கியபின் மும்பையின் பங்கு சுருங்கியது. இதுவரை பாடநூல் சரி.

ஆர்டர் பெருகினால் கம்பெனியும் பெருக வேண்டும் அல்லவா? திருப்பூரில் அது பிரிந்தது. காரணங்களில் மூன்று முக்கியமானவை. பின்னலாடை சிறுதொழிலுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் இயந்திர முதலீட்டுக்குச் சட்டமே உச்சவரம்பு விதித்திருந்தது. 1984இல் பஞ்சப்படி கோரித் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரே கூரையின் கீழ் பெருங்கூட்டத்தை வைத்திருப்பதன் ஆபத்தை முதலாளிகள் அதிலிருந்து கற்றார்கள். மூன்றாவது, ஆர்டரின் பருவத்தன்மை. கோடைக்கால டி-சர்ட் ஆர்டர் முடிந்ததும் இயந்திரம் சும்மா கிடக்கும்.

ஆகவே வேலை கைமாறிக் கைமாறி ஊரைச் சுற்றியது. நூலை வாங்குபவர் ஏற்றுமதியாளர். துணி ஒரு நிட்டிங் கம்பெனியில் ஓடும். அங்கிருந்து சாயப்பட்டறை, பிறகு துணியின் அளவை நிலைப்படுத்தும் காம்பாக்டிங். வெட்டுவது பெரும்பாலும் ஏற்றுமதியாளரின் சொந்த மேசையில், ஏனெனில் துணி வீணானால் அது அவர் பணம். தையல், பவர் டேபிள் என்னும் மின்தையல் மேசைகளை ஓட்டும் ஒப்பந்தக்காரரிடம், காஜா பட்டன் இன்னொருவரிடம், பிரிண்டிங் வேறொருவரிடம். செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிந்து பெட்டி தூத்துக்குடிக்குப் புறப்படும். இந்தப் பிரிந்து பெருகும் முறைக்கு ஆய்வாளர் பமேலா காத்தார்ன் ‘அமீபா முதலாளித்துவம்’ என்று பெயரிட்டார். தொழிலாளியாக நுழைந்த கவுண்டர் விவசாயக் குடும்பத்தினர் பலர் முதலாளியான கதையை ஆய்வாளர் ஷரத் சாரி விரிவாக எழுதியிருக்கிறார். இவை உண்மையே. எனினும் கணக்குப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்: ஜாப் ஒர்க் முறையில் ஏற்றுமதியாளரின் நிலைச்செலவு மாறும் செலவாகிறது; ஆர்டர் இல்லாத மாதத்தின் நட்டம் பவர் டேபிள்காரருக்கும் பீஸ் ரேட்டில் தைப்பவருக்கும் இறங்கிவிடுகிறது. விலை மலிவின் ஒரு பகுதி அங்கிருந்து வந்தது.

1985இல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி 1990இல் 300 கோடியைத் தொட்டது. 2024–25இல் ஏறத்தாழ 40,000 கோடி. ரூபாய்க் கணக்கில் இது 2,600 மடங்குக்கும் மேல். மேடைகளில் இந்தக் கணக்கைத்தான் சொல்வார்கள். ஆனால் 1985இல் டாலர் 12 ரூபாய் அளவில் இருந்தது, 2024–25இல் அதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. டாலரில் பார்த்தால் வளர்ச்சி சுமார் 400 மடங்கு. அதுவும் பெரியதுதான்.

இந்த வளர்ச்சியின் முற்பகுதி தடையற்ற வணிகத்தில் நிகழ்ந்ததும் அன்று. 1974 முதல் நடைமுறையில் இருந்த பலநார் ஒப்பந்தம் எந்த நாடு எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று கோட்டா விதித்தது. அது திருப்பூரைக் கட்டிப்போட்டது. சீனாவையும் கட்டிப்போட்டதால் திருப்பூருக்கு நிழலும் தந்தது. கோட்டா கைமாறக்கூடியது என்பதால் அதற்கே ஒரு சந்தை விலை உருவானது. 2005 ஜனவரி 1 அன்று கோட்டா முறை ஒழிந்தது. அதே ஆண்டு சிறுதொழில் ஒதுக்கீடும் நீங்கியது. அதன்பின் நூற்பு முதல் பேக்கிங் வரை ஒரே வளாகத்தில் செய்யும் பெரிய கம்பெனிகள் எழுந்தன. ஆனால் ஜாப் ஒர்க் மறையவில்லை.

பிரிந்த அமைப்பின் விலைச்சீட்டில் ஏறாத செலவு நொய்யல் ஆற்றில் ஓடியது. சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. சாயக்கழிவின் உப்புநீரைச் சுத்திகரிக்கும் முதலீடு பெரும்பாலானோர் சக்திக்கு மீறியது. ஏற்றுமதியாளருக்குச் சொந்தமாகச் சாயப்பட்டறை இல்லாதவரை சட்டம் அவரை நேரடியாகத் தொடவில்லை. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமானது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவுநீர் சிறிதும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மூடியது சாயப்பட்டறை மட்டுமே. ஆனால் நிட்டிங் முடிந்த துணி நகராததால் கட்டிங் மேசை முதல் அயர்னிங் வரை எல்லாம் தடுமாறின. தனித்தனி முதலாளிகள் என்று பதிவேட்டில் இருந்தவர்கள் ஒரே ஆலையின் பிரிவுகளாகவே இயங்கிவந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிசெய்ய மாநில அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. நீரை மீட்டு உப்பைப் பிரிக்கும் செலவு அதன்பின் கிலோவுக்கான சாயக்கூலியில் சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆயக்கட்டு நிலங்கள் இழந்த விளைச்சல் எந்த ஏற்றுமதி இன்வாய்ஸிலும் ஏறியதில்லை.