எரிபொருள் உட்செலுத்தலும் எஞ்சின் பழுதறிதலும்: ஓசூர் வட்டார வரலாறு

எரிபொருள் உட்செலுத்தல் என்பது பெட்ரோலையோ டீசலையோ அழுத்தத்துடன் நுண்துளை வழியே பீய்ச்சி எஞ்சினுக்குள் அனுப்பும் முறை. பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தை இது பிடித்தது. அப்போது உதறி ஓடும் எஞ்சினின் குறையைக் கண்டறியும் வழியும் மாறியது. கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர்–கிருஷ்ணகிரி தொழிற்பகுதியில் வண்டி செய்யும் ஆலைகளும் வண்டி பழுதுபார்க்கும் பட்டறைகளும் அருகருகே உள்ளன. அதனால் இந்த மாற்றத்தை இங்கே இரு பக்கமும் காண முடிகிறது.

வட்டாரப் பின்னணி

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவு. தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் அமைத்த தொழிற்பேட்டை இவ்வூரை ஆலை நகராக மாற்றியது. 1980இல் அசோக் லேலண்டின் லாரி ஆலை இங்கே தொடங்கியது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட்டும் ஓசூரிலிருந்து வெளிவந்தது. அன்று தருமபுரி மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது.

டீசல் பட்டறைகள்

உட்செலுத்தல் இப்பகுதி மெக்கானிக்குகளுக்குப் புதியதன்று. டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது; பம்பு அழுத்தித் தரும் டீசலை நாசில் பீய்ச்ச, சூடேறிய காற்றில் அது தானே பற்றிக்கொள்ளும். இந்தப் பம்புகளையும் நாசில்களையும் செய்த பெங்களூர் மைகோ நிறுவனம் 1951இல் தொடங்கப்பட்டது. 2008இல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என மாறியது.

லாரி எஞ்சின் ஒரு சிலிண்டரில் மட்டும் 'மிஸ்' அடித்தால், மெக்கானிக் நாசில் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார். எந்தக் குழாயைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை என்று பொருள். ஒன்றை நிறுத்தி மற்றவற்றைக் கவனிக்கும் இந்த எளிய சோதனை, பின்னாளில் பெட்ரோல் உட்செலுத்தலுக்கும் பயன்பட்டது.

கார்புரேட்டர் காலம்

டி.வி.எஸ். 50, 1984இல் வந்த இண்ட்-சுசுகி ஏ.எக்ஸ். 100 ஆகியவை இரண்டு ஸ்ட்ரோக் கார்புரேட்டர் வண்டிகள். பெட்ரோலுடன் எண்ணெயும் எரிவதால் பிளக்கில் கரி படியும். வண்டி திணறினால் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து மாட்டுவது வீட்டிலேயே நடந்த வேலை. அடுத்தது ஜெட்டில் அடைப்பு எடுப்பது. அதன்பின் ஐட்லிங் திருகைத் திருப்பிச் சத்தம் சீராகும் இடத்தில் நிறுத்துவது. ஒரு திருப்புளியும் பழகிய காதும் போதும்.

கார்புரேட்டருக்கு ஒரு குறை உண்டு. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. 900 மீட்டர் உயரத்தில் அது கடல் மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான அளவு குறைந்திருக்கும். கார்புரேட்டரோ அந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைப்பதில்லை. ஆகவே கடலோரத்தில் சீர்செய்த வண்டி ஓசூரில் சற்றே கூடுதல் பெட்ரோல் குடித்து ஓடும். ஜெட்டையோ திருகையோ மாற்றித்தான் அதைச் சரிசெய்ய வேண்டும்.

உலகில் பெட்ரோல் உட்செலுத்தல்

1954இல் அறிமுகமான மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்., எந்திரப் பம்பால் சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சிய விளையாட்டுக் கார். சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் நிற்கும்வரை அந்தப் பம்பு பெட்ரோலை அனுப்பிக்கொண்டிருக்கும். எரியாத பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்யும்.

1967இல் பாஷின் டி-ஜெட்ரானிக் மின்னணு முறை வோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தது. எஞ்சினின் காற்றுக் குழாயில் உள்ள அழுத்தத்தை அளந்து அது பெட்ரோல் அளவை முடிவுசெய்தது. 1973இல் போர்ஷே 911இல் வந்த கே-ஜெட்ரானிக், உள்ளே வரும் காற்று ஒரு தட்டை எவ்வளவு தூக்குகிறது என்பதைக் கொண்டு அளந்தது. அதில் இன்ஜெக்டர்கள் விட்டுவிட்டு அன்றி, இடைவிடாமல் பீய்ச்சும்.

இந்த வேறுபாடு பழுதறிவதில் முக்கியமானது. ரப்பர் குழாய் வெடித்துக் காற்று திருட்டுத்தனமாக நுழைவதாகக் கொள்வோம். கே-ஜெட்ரானிக்கில் அந்தக் காற்று தட்டைத் தாண்டி நுழைவதால் கணக்கில் வராது; பெட்ரோல் குறைந்து எஞ்சின் உதறும். டி-ஜெட்ரானிக்கில் அதே கசிவு அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். பெட்ரோலும் கூடி, ஐட்லிங் உயரும். ஒரே ஓட்டை, இரண்டு அறிகுறிகள். அளக்கும் முறை தெரியாதவர் நல்ல பாகத்தைக் கழற்றிப் போட நேரும்.

இந்திய இருசக்கர வாகனங்களில்

2006இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ., 2007இல் பஜாஜ் பல்சர் 220, 2008இல் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.ஆர். 160 எஃப்.ஐ. என உட்செலுத்தல் வண்டிகள் வந்தன. விலை கூடுதல் என்பதால் அவை நெடுநாள் சிறுபான்மையாகவே இருந்தன. 2013இல் டி.வி.எஸ். மோட்டார், பி.எம்.டபிள்யூ. மோட்டோராட் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. அதன் பயனாக பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஆர் ஓசூரில் தயாரானது. 2017 டிசம்பரில் அப்பாச்சி ஆர்.ஆர். 310 விளையாட்டு பைக் வந்தது. அதன் ஒற்றைச் சிலிண்டர் பின்பக்கம் சாய்ந்திருக்கும். காற்று முன்னே நுழைய, புகை பின்னே வெளியேறும்.

பெரிய திருப்பம் 2020 ஏப்ரல் 1. அன்று நாடெங்கும் பி.எஸ். 6 மாசு விதி நடைமுறைக்கு வந்தது. புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி நன்றாக வேலை செய்ய, ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று என்ற அளவு விலகாமல் இருக்க வேண்டும். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரி சொல்வதைக் கேட்டு நொடிக்கு நொடி திருத்தும் உட்செலுத்தலால்தான் இது எளிதாகும். டி.வி.எஸ். 50இன் வழித்தோன்றலான எக்ஸ்.எல். 100 மொபெட்டும் உட்செலுத்தலுக்கு மாறியது. உப்புத்தாளோடு தொடங்கிய வரிசை நாற்பது ஆண்டுகளில் கணினியை அடைந்தது.

பழுதறியும் முறை

எந்த எஞ்சினுக்கும் வேண்டியவை நான்கு: காற்று, எரிபொருள், தீப்பொறி, அழுத்தம். உதறல் எப்போது வருகிறது என்பதே முதல் தடயம்.

குளிர்ந்த நிலையில் மட்டும் உதறினால் வெப்ப உணரியையும், குளிரில் கூடுதல் பெட்ரோல் தரும் அமைப்பையும் பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் உதறி வேகத்தில் சீரானால் காற்றுக் கசிவோ, திராட்டில் பகுதியில் படிந்த அழுக்கோ காரணமாகலாம். ஐட்லிங்கில் சீராக ஓடி, முடுக்கும்போது இழுவை குறைந்தால் பம்பும் வடிகட்டியும் சந்தேகத்துக்குரியவை. பல பைக்குகளில் பெட்ரோல் அழுத்தம் 3 பார் அளவில் இருக்கும். அழுத்தமானியை இணைத்தால் உண்மை தெரியும். குழாயைக் கழற்றுமுன் அந்த அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும். இல்லையெனில் பீறிடும் பெட்ரோல் சூடான எஞ்சினில் பட்டுத் தீப்பிடிக்கக்கூடும்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பழைய பெட்ரோல் பிசினாகி இன்ஜெக்டரை அடைக்கும். மின் இணைப்பில் பச்சை பூத்திருந்தாலும் உதறல் வரும். விலையுயர்ந்த பாகத்தை மாற்றுமுன் இணைப்பைத் துடைத்துப் பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமானது. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய ரப்பர் பாகங்களைக் கெடுக்கவும் கூடும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் இந்தக் கலவைக்குக் காற்று குறைவாகப் போதும். ஆக்சிஜன் உணரி உள்ள வண்டி ஓரளவு தன்னைத் திருத்திக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டியால் முடியாது.

பட்டறைகளின் நிலை

பி.எஸ். 6 வண்டிகளில் பழுது நேர்ந்தால் முகப்பில் மஞ்சள் விளக்கு எரியும். ஸ்கேனரில் குறியீடு தெரியும். அந்தக் கருவி வாங்க இயலாத சிறு பட்டறைகள் புதிய வண்டிகளை நிறுவன சர்வீஸ் நிலையத்துக்கு அனுப்ப வேண்டியதாகிறது. இது பிழைப்பைத் தொடும் மாற்றம்.

ஆனால் குறியீடு காட்டுவது அறிகுறியை மட்டுமே. 'கலவையில் பெட்ரோல் குறைவு' என்று வந்தால் அது காற்றுக் கசிவாலா, பம்பு தளர்ந்ததாலா, வடிகட்டி அடைத்ததாலா என்பதைக் கருவி சொல்லாது. குறியீட்டைப் படித்ததும் ஆக்சிஜன் உணரியை மாற்றிவிட்டால், வாடிக்கையாளரின் பணமும் போகும், உதறலும் போகாது. குழாயைத் தளர்த்திச் சத்தத்தைக் கேட்ட லாரி மெக்கானிக்கின் முறை இங்கும் செல்லும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைப் பார், பிறகு அடுத்ததற்குப் போ. மோட்டார் வாகனப் பிரிவில் பயிலும் மாணவர்கள் ஸ்கேனரோடு சேர்த்து இந்த ஒழுங்கையும் கற்பது நல்லது.