எழுத்துக் கூட்டிப் படித்த வரலாறு

பரிசளிப்பு விழா என்றால் மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளைத்தான் எல்லாரும் பார்க்கிறோம். மேடைக்குக் கீழே, பின் வரிசையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பான். ‘அ, ஆ, இ, ஈ’ சொல்லு என்றால் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். ஆனால் ‘மரம்’ என்று கரும்பலகையில் எழுதிப் படிக்கச் சொன்னால் வாய் திறக்க மாட்டான். “மண்டுப் பய, இவனுக்குப் படிப்பு ஏறாது” என்று நாமே முத்திரை குத்தி விடுகிறோம். அவனுக்கு வராதது படிப்பு அல்ல. எழுத்தையும் ஒலியையும் கூட்டும் வித்தை ஒன்றுதான். அதை நம் முன்னோர் எப்படிக் கற்றார்கள் என்று தெரிந்தால், நம் வீட்டிலேயே அதற்கு வழி பிறக்கும்.

தொல்காப்பியத்தில் ‘பிறப்பியல்’ என்றே ஓர் இயல் உண்டு. எந்த ஒலி வாயின் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதுதான் அதில் பேச்சு. நம் பிள்ளைகள் ஒப்பிக்கிற வரிசையையே பாருங்கள். க, ங அடிநாக்கில் பிறக்கின்றன. ச, ஞ நடுநாக்கில். ட, ண நுனிநாக்கில். த, ந பல்லடியில். ப, ம உதட்டில். தொண்டைப் பக்கம் தொடங்கி உதடு வரைக்கும் படிப்படியாக வருகிறது. நம் நெடுங்கணக்கே ஓர் ஒலிப் பாடம் என்றால் அது மிகையாகாது.

எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்பதும் பழைய செய்திதான். கரம், காரம், கான் என்று எழுத்துக்குப் பெயர் சொல்லும் முறையைத் தொல்காப்பியரே கூறியிருக்கிறார். திண்ணைப் பள்ளியில் அது ஆனா, ஆவன்னா, கானா என்று ஆயிற்று. எழுத்தை அடையாளம் சொல்ல அது உதவும். படிக்க உதவுமா? ‘மானா, ரானா, இம்’ என்று எத்தனை தடவை சொன்னாலும் அதில் ‘மரம்’ எங்கே வருகிறது? பெயரைப் படித்த பிள்ளை இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறான்.

எழுத்தின் வடிவமும் ஒரே நாளில் எளிதாகி விடவில்லை. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். ‘க’வா, ‘க்’கா என்பதைப் படிப்பவர்தான் இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். எகர ஏகாரக் குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர் (1680–1747). தந்தை பெரியார் 1935-இல் தம் பத்திரிகையில் புகுத்திய சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978-இல் ஏற்றது; சிங்கப்பூர் 1983-இல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை என்று 13 எழுத்துகள் நேரானது அப்படித்தான். தாத்தாவின் பழைய புத்தகத்தில் ‘லை’ தும்பிக்கை வைத்திருப்பதன் காரணம் இதுவே.

கற்பித்த முறையும் அழகானது. பிள்ளை மணலில் விரலால் எழுதும். எழுதும்போதே ஒலியைச் சத்தம் போட்டுச் சொல்லும். விரல், வாய், காது மூன்றும் ஒன்றாக வேலை செய்யும். 1789-இல் சென்னை எழும்பூரில் இராணுவ அனாதைச் சிறுவர் பள்ளியைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைக் கொண்டு வந்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித் தருவதையும் ஏற்பாடு செய்தார். நம் சட்டாம்பிள்ளை முறைதான்! 1797-இல் அவர் அதை நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

மலாயாவில் தமிழ் வகுப்பு 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வந்தது, ஆனால் பல தோட்டங்களில் ஒரே அறை, ஒரே ஆசிரியர். எல்லா வகுப்பும் ஒன்றாக இருக்கும்போது, கூட்டமாகச் சேர்ந்து சொல்வதுதான் வழி. அந்தச் சத்தத்தில் வாயை மட்டும் அசைத்த பிள்ளை யார் கண்ணிலும் படவில்லை. இப்படி எழுத்துக் கூட்டத் தெரியாமலே பால் வெட்டப் போனவர்கள் எத்தனை பேர்! இன்னொரு தலைமுறை அப்படிப் போக வேண்டாம்.

“நாங்க எங்க சார் படிச்சோம்? நாங்க எப்படிச் சொல்லிக் குடுக்கிறது?” என்று கேட்கும் தாய்மார்களுக்குச் சொல்கிறேன். எழுத்து உங்களுக்கு மறந்திருக்கலாம். ஒலி மறக்கவில்லையே! தினம் பத்து நிமிஷம் போதும்.

முதலில் புத்தகமே வேண்டாம். “மரம்னு சொல்லும்போது முதல்லே என்ன சத்தம் வருது? கடைசியிலே என்ன?” என்று விளையாட்டாகக் கேளுங்கள். கடைசியில் உதடு மூடுகிறதே, அதுதான் ‘ம்’.

பிறகு ஒரு தட்டில் மணலோ அரிசியோ பரப்பி, ‘ம்’, ‘அ’ இரண்டையும் சொல்லிக்கொண்டே எழுதச் சொல்லுங்கள். கூட்டினால் ‘ம’. அடுத்து ‘மா’, ‘மி’. பெயர் சொல்ல வேண்டாம், ஒலி மட்டும்.

மூன்றாவதாக, ஓர் எழுத்தே ஒரு சொல்லாக இருக்கும் செல்வம் தமிழில் உண்டு: ஈ, தீ, பூ, வா, போ, கை. முதல் நாளே பிள்ளை ஒரு சொல்லைப் படித்து விடலாம். பிறகு கல், பல், கண், மண். ‘கை’யில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கும், ‘போ’வில் இரு பக்கமும் நிற்கும், ஒலியோ பின்னால்தான் வரும். பிள்ளை தடுமாறுவது இயல்பு. முழு எழுத்தையும் விரலால் வளைத்துக் காட்டி, ஒரே ஒலியாகச் சொல்ல வையுங்கள்.

ஒலி பழகிய பின் கலை–களை, வலி–வழி, மனம்–மணம் என்று சோடி சோடியாகச் சொல்லி வேறுபாட்டைக் காதுக்குப் பழக்குங்கள்.

வேலை முடிந்து களைத்து வரும் நாளில், அக்காளோ அண்ணனோ சட்டாம்பிள்ளையாக இருக்கட்டும். சொல்லித் தரும் பிள்ளைக்கும் படிப்பு உறுதிப்படும். ஒன்று மட்டும் வேண்டாம்: அடியும் ஏச்சும். பயந்த வாயிலிருந்து ஒலி வராது.

நூற்றாண்டுகளுக்கு முன் மணலில் தொடங்கிய படிப்பு இது. ஒரு தட்டு மணலும் ஒரு தாயின் குரலும் இன்றும் நம் லயத்து வீட்டில் கிடைக்கும். பின் வரிசைப் பிள்ளையும் ஒரு நாள் மேடையேறி, தன் பெயரைத் தானே படித்துப் பரிசு வாங்கட்டும்.