மலாக்காவின் ஈயக் காசுகள்

ஜெர்மானிய நகரங்கள் மெல்லிய வெள்ளித் தகட்டை நறுக்கி, முத்திரைக்கடியில் வைத்துச் சம்மட்டியால் அடித்துச் சின்னஞ்சிறு காசுகளை வெளியிட்டு வந்த 15-ஆம் நூற்றாண்டில், எங்கள் தங்கா பத்துக் கரைக்குச் சற்றுக் கிழக்கே, மலாக்கா ஆற்றின் முகத்துவாரத்தில் செழித்திருந்த பெருந்துறையில், பிரஜைகளின் அன்றாடக் கொடுக்கல் வாங்கல் வெள்ளீயத்திலேயே நடந்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்களோடு வந்த மா ஹுவான், இங்கே ஈயக் கட்டிகளே பணமாகக் கைமாறியதை எழுதி வைத்திருக்கிறார். பிற்பாடு அக்கட்டிகளோடு சுல்தான்களின் நாமம் தாங்கிய காசுகளும் புழங்கலாயின.

அவர்களுள் ஒருவரான சுல்தான் முஸபர் ஷாவின் காசு ஒன்றைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால், கறுத்து, விளிம்பு தேய்ந்து, அப்பளத் துண்டு போல் மெலிந்திருக்கும் அந்த வில்லையில் அரபு எழுத்துக்களில் அவர் பெயரும், மறுபுறம் உலகுக்கும் சமயத்துக்கும் துணைவர் என்னும் விருதும் மங்கலாகத் தெரியும். 232 டிகிரி உஷ்ணத்திலேயே உருகிவிடும் உலோகமாதலால், சாதாரண அடுப்பு நெருப்பில் காய்ச்சி அச்சில் வார்ப்பதே எளிதாயிருந்தது. மிருதுவான அந்த உலோகத்தில் எழுத்துக்கள் நெடுநாள் நிலைக்கவில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தமே.

1511-இல் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகர்க் மலாக்காவைக் கைப்பற்றியதும் பழைய காசுகளை விலக்கி, ஈயத்திலேயே தின்யேரோ, பத்துத் தின்யேரோவுக்கு ஒரு சோல்டோ, பத்துச் சோல்டோவுக்கு ஒரு பஸ்தார்தோ என்று புதிய நாணயங்களை வார்ப்பித்தார். வாள் பிடித்த ஊரில் நாணயத்தை நம்பச் செய்வதற்கு வாள் உதவாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். தமிழ் வர்த்தகர்களின் தலைவராயிருந்த நினாச்சத்துவை அருகில் வைத்துக்கொண்டே அக்காரியத்தை நடத்தினார். அல்புகர்க்கின் புதல்வர் தொகுத்து 1557-இல் வெளிவந்த சரித நூலின்படி, அலங்கரித்த யானைமீது அமர்ந்து வீதி வீதியாகப் புதுக்காசுகளை வாரி இறைத்தவர்களுள் நினாச்சத்துவின் மகனும் ஒருவன். ஆற்றின் வடகரையில், ஊப்பே என்னும் பகுதியில், கடைவிரித்திருந்த நம்மவர் அக்காசைக் கையில் வாங்கிய பின்னரே அது செலாவணியாயிற்று என்று கொள்வதில் தவறில்லை.

ஊராளும் பதவியும் நினாச்சத்துவுக்கே அளிக்கப்பட்டது. ஆனால் 1514-இல் அதைப் பறித்துக் கம்பார் அரசருக்குக் கொடுத்தபோது, அவமானம் பொறாமல் அவர் தீமூட்டி அதில் இறங்கி உயிர்நீத்தார். போர்ச்சுகல் மன்னர்களோ அதன் பின்னும் பல பத்தாண்டுகள் மலாக்காவுக்கு ஈயக் காசுகளையே வார்த்து வந்தனர்.