ரத்த சோகை: சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து உடலில் சேருகிறதா?

நாம் பாடம் நடத்தும் நிஸ்வான் மதரஸாவில் சில பிள்ளைகள் காலை வகுப்பிலேயே தூங்கி வழிவார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பாடம் மனதில் நிற்காது. சோம்பல் என்று நினைத்து நாமே கண்டித்திருக்கிறோம். பின்னர், நாங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். கண்டித்தது எவ்வளவு தவறு என்று அன்று தெரிந்தது. பலருக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தது. சிலருக்கு 8-ஐ ஒட்டி இருந்தது.

தாய்மார்களை அழைத்துப் பேசினோம். வசதியில்லாத குடும்பங்கள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டுச் சம்பளம் வரும் வீட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். "தினமும் மூணு பேரீச்சம்பழம் கொடுத்துத்தானே ஹஜ்ரத் வளர்க்கிறோம்" என்றார் ஒரு தாய். இன்னொருவர் பீட்ரூட் ஜூஸ் கொடுப்பதாகச் சொன்னார். வேறொருவர் வீட்டில் வாரம் இரண்டு நாள் கறி, நடுவில் கீரை. சத்தான உணவு வீட்டில் இருக்கிறது. பிள்ளையின் ரத்தத்தில் மட்டும் சேரவில்லை.

நாம் மருத்துவர் அல்ல. மதரஸாவில் ஓதியவர், கல்லூரியில் கலைப் பாடம் படித்தவர், அவ்வளவே. ஆனால் இந்தக் கேள்வி விடவில்லை. மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்ததையும், ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட விவரங்களைப் படித்துத் தெரிந்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அதை உண்டாக்க உடலுக்கு இரும்புச் சத்து வேண்டும். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழும், கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழும் இருந்தால் ரத்த சோகை என்கிறார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை உள்ளது. அதாவது ஒரு வீட்டில் உம்மாவும் மகளும் இருந்தால், இருவரில் ஒருவருக்கு இருக்கக்கூடும். களைப்பு, முகம் வெளிறுதல், படபடப்பு, தலைசுற்றல் ஆகியவை அடையாளங்கள். பச்சரிசியையும் சாக்பீஸையும் ரகசியமாக மென்று தின்னும் பழக்கமும் பல நேரங்களில் இதன் அடையாளம்தான். அதற்காகப் பிள்ளையை அடிக்காதீர்கள், பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பெண்களுக்கு இது அதிகம் வரக் காரணம் மாதவிடாய். ஒரு மில்லி ரத்தம் போனால் ஏறத்தாழ அரை மில்லி கிராம் இரும்பு அதோடு போய்விடுகிறது. இங்கே எம்மைப் போன்ற ஆலிம்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து நாள், பதினைந்து நாள் தாண்டியும் நிற்கவில்லை, தொழலாமா, நோன்பு வைக்கலாமா என்று பெண்கள் வீட்டார் மூலம் மஸ்அலா கேட்கிறார்கள். நாங்களும் இஸ்திஹாளாவின் சட்டத்தைச் சொல்லிவிட்டு போனை வைத்துவிடுகிறோம். சட்டம் சரிதான். ஆனால் அத்தனை நாள் ரத்தம் போகும் பெண் மருத்துவரைப் பார்த்தாரா என்று இத்தனை காலம் நாம் கேட்டதில்லை. இப்போது கேட்கிறோம்.

எதில் எவ்வளவு இருக்கிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒரு நாளைக்கு ஆணுக்கு 19 மி.கி., பெண்ணுக்கு 29 மி.கி., 16 முதல் 18 வயதுப் பெண் பிள்ளைக்கு 32 மி.கி. இரும்பு தேவை. வீட்டிலேயே அதிகம் தேவைப்படுவது வளர்ந்த மகளுக்குத்தான். ஆனால் நம் வீடுகளில் கறிச்சட்டியில் கடைசியாகக் கரண்டி போடுவது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

பேரீச்சம்பழம் பரக்கத்தான உணவு. நார்ச்சத்தும் பொட்டாசியமும் உடனடி சக்தியும் தரும். ஆனால் மூன்று பழங்களில் 2 மி.கி. இரும்பு கூடக் கிடைக்காது. அதை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது. பீட்ரூட்டில் 100 கிராமுக்கு ஒரு மி.கி.க்கும் குறைவு, மாதுளையில் அதைவிடக் குறைவு. சிவப்பாக இருந்தால் ரத்தம் ஊறும் என்பது நிறத்தைப் பார்த்துச் சொன்ன பேச்சு.

உண்மையில் இரும்பு உள்ள அன்றாட உணவுகள் வேறு. முருங்கைக் கீரையில் 100 கிராமுக்கு நாலரை மி.கி. அளவில் இருக்கிறது. கேழ்வரகிலும் ஏறத்தாழ அதே அளவு, கூடவே 340 மி.கி.க்கு மேல் கால்சியம். கொண்டைக்கடலையில் 4 முதல் 6 மி.கி., கொள்ளில் அதைவிடக் கூடுதல். ஒரு மேசைக்கரண்டி எள்ளில் ஒரு மி.கி. இருக்கும். கொல்லையில் நிற்கும் முருங்கை மரத்துக்கு விலை இல்லை, அதனால்தானோ என்னவோ மதிப்பும் இல்லை.

ஆனால் இந்தக் கணக்கு பாதிதான். கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றில் உள்ள இரும்பில் பெரும்பகுதியை உடல் எடுத்துக்கொள்வதில்லை. 100-ல் 2 முதல் 20 பங்கு வரைதான் சேரும். கறி, ஈரல், மீனில் உள்ள இரும்பு வேறு வகை. அது 15 முதல் 35 பங்கு வரை சேரும். ஆகவே தட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அதோடு சேர்த்து வேறு எதை உண்கிறோம், எதைக் குடிக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

நாஷ்டாவுடன் தேநீர்

எங்கள் மதரஸாவில் தவறு எங்கே என்று தேடியபோது கிடைத்த முதல் பதில் இதுதான். காலையில் இட்லியோ பரோட்டாவோ, பக்கத்தில் ஒரு டம்ளர் தேநீர். மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் தேநீர். வீடுகளிலும் இதே கதைதான். பிரியாணிக்குப் பின் சுலைமானி இல்லையென்றால் விருந்து முடிந்ததாகவே நினைக்க மாட்டோம்.

தேயிலையிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருட்கள் இரும்போடு ஒட்டிக்கொண்டு, குடல் அதை உறிஞ்ச விடாமல் தடுக்கின்றன. 1983-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு காபி குடித்தபோது இரும்பு சேர்வது 39 சதவீதமும், தேநீர் குடித்தபோது 64 சதவீதமும் குறைந்தது. அதே ஆய்வில் காபியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தபோது பாதிப்பில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோது, கூடவே குடித்த அதே பாதிப்பு இருந்தது. ஆகவே தேநீரை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. சொன்னால் எம் வீட்டிலேயே கேட்க மாட்டார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ குடியுங்கள். எட்டு மணிக்கு நாஷ்டா என்றால் தேநீர் பத்து மணிக்கு. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பாலில் தேயிலைத் தண்ணீர் கலந்து, பன்னைத் தொட்டுக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் அறவே நிறுத்திவிடலாம்.

தடுப்பது இருப்பதுபோல் உதவுவதும் இருக்கிறது. வைட்டமின் சி கீரை, பருப்பில் உள்ள இரும்பைக் குடல் ஏற்றுக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. கீரைக் கூட்டையோ சுண்டலையோ அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் அந்த வைட்டமின் சூட்டில் அழிந்துபோகும். சாப்பிட்டதும் ஒரு நெல்லிக்காய் அல்லது பாதி கொய்யாப்பழம் போதும். நெல்லியும் கொய்யாவும் இதில் ஆரஞ்சை வென்றுவிடும், விலையும் குறைவு. பயறு, கொண்டைக்கடலையை ஊறவைத்து முளைகட்டினால் அதில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் குறைகிறது. மாவு புளிக்கும்போதும் அதேதான் நடக்கிறது. கேழ்வரகையும் முளைகட்டி அரைப்பதே நல்லது.

நம் முன்னோர் சமையலில் இந்தச் சேர்க்கை தானாகவே அமைந்திருந்தது. தால்ச்சாவைப் பாருங்கள். பருப்பு, எலும்போடு கறி, மாங்காய் அல்லது புளி. கறி கொஞ்சமாக இருந்தாலும் அது பருப்பில் உள்ள இரும்பையும் சேர உதவும். நோன்புக் கஞ்சியும் அப்படித்தான்: அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொஞ்சம் கொத்துக்கறி. தொட்டுக்கொள்ளப் புதினாத் துவையல் அரைக்கும்போது எலுமிச்சையும் பிழிந்துவிட்டால் குறையொன்றுமில்லை. இஃப்தாரில் அந்தக் கஞ்சியோடு வடையும் தேநீரும் சேரும்போதுதான் கணக்கு தவறுகிறது. தேநீரைத் தராவீஹுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஸஹரிலும் சோற்றோடு தேநீர் வேண்டாம்.

இரும்புச் சட்டியில் சமைத்தால் உணவில் இரும்பு கூடும் என்பதும் உண்மையே, குறிப்பாகத் தக்காளி போன்ற புளிப்புள்ளவற்றில். தோசைக்கல்லையும் இரும்புச் சட்டியையும் பரணில் போட்டுவிட்டு ஒட்டாத பாத்திரங்களுக்கு மாறியதில் அதையும் இழந்தோம்.

ஈரலும் சுவரொட்டியும்

ரத்தம் குறைந்தவருக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடு என்பது பழைய வழக்கம். ஆட்டின் மண்ணீரலைத்தான் கறிக்கடையில் அப்படிச் சொல்கிறார்கள். இரும்பு மிகுந்த உறுப்பு, உடலில் எளிதில் சேரும். கோழி ஈரலில் 100 கிராமுக்கு 9 மி.கி. அளவில் உண்டு, பி12-ம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே கிடைக்கும். விலையும் கறியைவிட மிகக் குறைவு.

இதில் சிலருக்கு மார்க்க ரீதியான தயக்கம் இருக்கிறது. ரத்தம் ஹராம் ஆயிற்றே, உறைந்த ரத்தம்போல் இருக்கும் இதை உண்ணலாமா என்று எம்மிடம் கேட்டிருக்கிறார்கள். ஹராமானது ஓடும் ரத்தம். ஈரலும் மண்ணீரலும் நமக்கு ஆகுமாக்கப்பட்டவை என்ற கருத்தில் இப்னு உமர் (ரலி) வழியாக வரும் அறிவிப்பு இப்னு மாஜாவில் உள்ளது. முறைப்படி அறுக்கப்பட்ட பிராணியின் ஈரலையும் சுவரொட்டியையும் தயங்காமல் உண்ணலாம்.

வாரம் ஒரு முறை போதும். கர்ப்பிணிகள், குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், ஈரலைத் தவிர்க்க வேண்டும். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், கருவைப் பாதிக்கக்கூடும். கர்ப்பிணிக்கு ஈரல் வறுத்துக் கொடுக்கும் மாமியார்கள் இதைக் கவனிக்கவும். அவர்களுக்குக் கறியும் மீனும் போதுமானது.

மாத்திரையைப் பற்றி

ஹீமோகுளோபின் மிகவும் குறைந்துவிட்டால் உணவால் மட்டும் ஏற்ற முடியாது, மாத்திரை வேண்டும். கர்ப்பிணிகளுக்கு 60 மி.கி. இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையை 180 நாட்களுக்கு அரசே இலவசமாகத் தருகிறது. பல வீடுகளில் அது அலமாரியில் அப்படியே கிடக்கிறது. மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதில் உண்மையில்லை. மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். வயிறு புரட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம். பாலுடனோ தேநீருடனோ விழுங்கக் கூடாது. கால்சியம் மாத்திரையும் கொடுத்திருந்தால் இரண்டையும் வெவ்வேறு நேரத்தில் சாப்பிட வேண்டும். கொக்கிப்புழு இருந்தால் எவ்வளவு சாப்பிட்டும் ரத்தம் குறைந்துகொண்டே போகும், எனவே பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் பூச்சி மாத்திரையை மறுக்காதீர்கள்.

ரத்தம் மிகக் குறைந்த கர்ப்பிணியை மருத்துவர் நோன்பு வேண்டாம் என்று தடுத்தால், பிறகு களா செய்துகொள்ளும் சலுகை மார்க்கத்திலேயே இருக்கிறது. அவரைக் குற்றவாளிபோல் பார்ப்பது வீட்டாருக்கு அழகல்ல.

எங்கள் மதரஸாவில் இப்போது காலைத் தேநீர் நாஷ்டாவிலிருந்து பிரிந்து பத்தரை மணிக்குப் போய்விட்டது. முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது, பிறகு பழகிவிட்டது. வாரம் இரண்டு நாள் முருங்கைக் கீரை, ஒரு நாள் கோழி ஈரல், மாலையில் முளைகட்டிய பயறோடு எலுமிச்சை. குறைவாக இருந்த பிள்ளைகள் மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்ததில் பெரும்பாலானவர்களுக்கு ஏறியிருந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஒரு பிள்ளைக்கு மட்டும் அசையவே இல்லை. எல்லா ரத்த சோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை, பி12 குறைவாக இருக்கலாம், தலசீமியா எனும் பரம்பரைக் கோளாறாகவும் இருக்கலாம் என்று சொல்லி, மாத்திரையை நிறுத்தி, மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளையோடு உம்மாவும் வாப்பாவும் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வாப்பா சவூதியிலிருந்து அடுத்த மாதம் வருகிறார்.