ஆனந்தகிருஷ்ணன், மு.

சிவில் பொறியியல் அறிஞர். அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர் (1990–1996). வாணியம்பாடியில் 1928 ஜூலை 12-இல் பிறந்தவர். 2021 மே 29-இல் சென்னையில் கொரோனாத் தொற்றால் காலமானார். துணைவேந்தர் நாற்காலியில் இருந்தது ஆறே ஆண்டுகள்தான். ஆனால் பொறியியல் சேர்க்கையில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு, நுழைவுத் தேர்வு ஒழிப்பு என்ற இரண்டு பெரிய மாற்றங்கள் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டன. அவற்றின் பலனையும் பக்கவிளைவையும் ஒருங்கே பார்க்க வேண்டுமானால் நாமக்கல் மாவட்டத்து வெண்ணந்தூர், இராசிபுரம் பக்கம் வர வேண்டும்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பணி, வாஷிங்டன் இந்தியத் தூதரகத்தில் அறிவியல் ஆலோசகர், பிறகு நியூயார்க்கில் ஐ.நா. பணி என்று சுற்றிவிட்டுத்தான் 1990-இல் கிண்டிக்குத் திரும்பினார்.

அப்போது தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகிக்கொண்டிருந்தன. பாதி இடங்களை மதிப்பெண் வரிசைப்படி, குறைந்த கட்டணத்தில் நிரப்ப வேண்டும் என்று உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-இல் சொன்னது. அந்த இடங்களை யார், எப்படி நிரப்புவது? கல்லூரி கல்லூரியாக விண்ணப்பம் வாங்கி, வாசலில் காத்துக்கிடந்து, சிபாரிசுக்கு அலையும் நிலை மாறி, ஒரே விண்ணப்பம், ஒரே தரவரிசை, ஒரே இடத்தில் ஒதுக்கீடு என்ற ஒற்றைச் சாளர முறை 1990களில் நடைமுறைக்கு வந்தது. தறி ஓட்டுகிறவர் தன் பிள்ளையை அழைத்துக்கொண்டு இராசிபுரத்தில் இரவுப் பேருந்து ஏறி, விடிந்ததும் அண்ணா பல்கலைக்கழக அரங்கில் உட்கார்வார். எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் ஓடும். முறை வந்ததும் பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஒதுக்கீட்டு ஆணை அன்றே கைக்கு வந்துவிடும். தமிழ்நாட்டுக் கல்வி நிர்வாகத்தில் இவ்வளவு வெளிப்படையாக நடந்த காரியம் வேறொன்றைச் சொல்வது கடினம். 2018-இல் இது இணையவழிக்கு மாறியது.

நுழைவுத் தேர்வு விவகாரம் இன்னும் சிக்கலானது. தொழிற்கல்விச் சேர்க்கைக்காக 1984 முதல் நடந்துவந்த அந்தத் தேர்வு, நகரத்தில் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்கே சாதகம் என்ற குறை நெடுநாள் இருந்தது. ஜெயலலிதா அரசு அதை ரத்து செய்ய எடுத்த முயற்சிகள் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2006-இல் கருணாநிதி அரசு ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்தது. தேர்வை ஒழிக்கலாம் என்றது குழு. அதையொட்டி வந்த சட்டம் 2007-இல் நடைமுறைக்கு வந்தது. வெவ்வேறு பாடத்திட்டங்களில் படித்தவர்களின் மதிப்பெண்களைச் சமன்படுத்திப் பார்க்கவும் அதில் வழி இருந்தது. இந்த முறை சட்டம் நீதிமன்றத்தில் நின்றது. பொறியியல் கட்-ஆஃப் 300-லிருந்து 200 ஆனது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50.

இனி எல்லாமே பிளஸ் டூ மதிப்பெண்தான் என்றானதும் நாமக்கல் மாவட்டத்து விடுதிப் பள்ளிகளுக்கு யோகம் அடித்தது. நுழைவுத் தேர்வு இருந்த காலத்திலேயே பேர் வாங்கிய பள்ளிகள்தான் அவை. பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ புத்தகத்தையே திருப்பித் திருப்பி ஓட்டுவது பல இடங்களில் வழக்கமாயிற்று. விடியலுக்கு முன் எழுப்பி ‘ஸ்டடி’, தினம் ஒரு டெஸ்ட். வெளிமாவட்டப் பெற்றோர் அட்மிஷனுக்கு வரிசையில் நின்றார்கள். கோழிப்பண்ணைக்குப் பேர்போன ஊர் என்பதால் ‘பிராய்லர் பள்ளி’ என்ற பட்டமும் வந்து சேர்ந்தது. கிராமத்துப் பிள்ளைக்குக் கதவைத் திறக்கத்தான் தேர்வு நீக்கப்பட்டது. கதவு திறந்தது உண்மை. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஏராளமாக உள்ளே வந்தார்கள். அந்த வாசலுக்குப் போகும் பாதையில் கட்டணம் வசூலிக்கவும் ஆள் வந்தது. இதற்கு ஆனந்தகிருஷ்ணனைக் குறை சொல்வது நியாயமில்லை என்றாலும், மதிப்பெண்ணை மட்டும் அளவுகோலாக வைத்தால் சந்தை அதன் பின்னாலேயே வரும் என்பதைக் குழு இன்னும் அழுத்தமாகக் கணக்கில் எடுத்திருக்கலாம்.

தமிழ்க் கணிமையிலும் அவர் கை உண்டு. தமிழ் விசைப்பலகைக்கு ஒரு தரம் வகுத்த தமிழ்நெட் 99 மாநாட்டில் பங்கு வகித்தார். அடுத்து உருவான உத்தமம் (உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம்) அமைப்புக்கும் தலைவராக இருந்தார். பத்மஸ்ரீ விருது 2002-இல் கிடைத்தது.

2017-இல் தேசிய நுழைவுத் தேர்வான ‘நீட்’ வந்து, பிளஸ் டூ மதிப்பெண்ணை நம்பியிருந்த மருத்துவச் சேர்க்கை தலைகீழானது. அத்தேர்வைக் கடுமையாக எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டு பள்ளிப் பாடத்திட்டத்தைத் திருத்தி எழுத அரசு அமைத்த குழுவுக்கும், எண்பத்தொன்பது வயதை எட்டியிருந்த அவரே தலைவர். பொதுத் தேர்வில் மாநில ரேங்க் அறிவிக்கும் பழக்கமும் அந்த ஆண்டு நின்றது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு என்று அரசு அறிவித்தது. பதினோராம் வகுப்புப் புத்தகத்தை விடுதிப் பள்ளிகள் மறுபடி திறந்தாக வேண்டியதாயிற்று. அந்தப் பொதுத் தேர்வு 2025-இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு கைவிடப்பட்டது.