களத்துமேட்டுத் திருவிழா

சிகாகோவில் பிற்பகல் ரயில் ஏறினால் பொழுது சாயும் வேளைக்கு மவுண்ட் பிளசன்ட்டில் இறங்கிவிடலாம். அமெரிக்காவில் அயோவா மாகாணத்தின் தென்கிழக்கே உள்ள சின்ன ஊர் அது. 'இனிய குன்று' என்று பொருள்படும் பெயர். ரயில் ஜன்னல் வழியே குன்றைத் தேடிக்கொண்டே போனேன். மக்காச்சோளக் கொல்லைகள்தாம் தெரிந்தன!

நான் போனது பழைய டிராக்டர்களைப் பார்ப்பதற்கு. 1950-ல் தொடங்கிய விழா இது. செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்தோடு முடியும்படி ஐந்து நாள் நடக்கிறது. தேர் போன்ற நீராவி இயந்திரங்கள் கரும்புகை கக்கிக்கொண்டு ஊர்ந்து வருகின்றன. ஒன்றிலிருந்து நீண்ட தோல்வார் ஓடிக் கதிரடிக்கும் இயந்திரத்தைச் சுழற்றுகிறது. தானியம் ஒரு பக்கம் கொட்ட, வைக்கோல் மறுபக்கம் பறந்து விழுகிறது.

ஒரு காலத்தில் அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் கூட்டுச் சேர்ந்து, ஒரே இயந்திரத்தைக் களத்துக்குக் களம் கொண்டுபோய்ப் போரடித்தார்கள். எந்த வீட்டில் வேலையோ அந்த வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. பிறகு, வயலில் போகிறபோக்கிலேயே அறுத்து அடிக்கும் 'கம்பைன்' வந்தது. கூட்டும் கலைந்தது, இயந்திரங்களில் பல பழைய இரும்பு விலைக்குப் போயின. மிஞ்சியவற்றுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, இன்றும் ஓட்டிக்காட்டுகிறார்கள் இந்த மனிதர்கள்.

மறுநாள் காலை ஊரைச் சுற்றினேன். சதுக்கத்தில் 'யூனியன் பிளாக்' என்ற செங்கல் கட்டடம். 1869-ல் அங்கே இருந்த நீதிமன்றத்தில்தான் அரபெல்லா மான்ஸ்ஃபீல்டு வக்கீலாகப் பதிவு செய்யப்பட்டார். அமெரிக்காவின் முதல் பெண் வக்கீல் அவர். வெள்ளை ஆண்களுக்கே அந்த உரிமை என்றது சட்டம். அது பெண்ணைத் தடுக்காது என்று பொருள் சொன்னார் நீதிபதி பிரான்சிஸ் ஸ்பிரிங்கர். மறு ஆண்டே மாகாணச் சட்டத்திலிருந்து அந்தச் சொற்கள் நீக்கப்பட்டன.

அரபெல்லா படித்தது அதே ஊர் அயோவா வெஸ்லியன் கல்லூரியில். பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களை 1958-ல் கண்டறிந்த வான் ஆலன், இந்த ஊரில் பிறந்து அங்கேயே படித்தவர். கல்லூரித் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்லனின் மகளைத்தான் லிங்கனின் மகன் மணந்தார். லிங்கனின் பேரக் குழந்தைகள் ஓடி விளையாடிய ஹார்லன் வீடு இன்னும் நிற்கிறது.

கல்லூரிதான் இல்லை. 1842-ல் பிறந்து, உள்நாட்டுப் போரையும் பெரும் பஞ்சகாலத்தையும் தாண்டி வந்தது, 2023-ல் பணமின்றி மூடப்பட்டது. ஆளில்லாத படிக்கட்டில் சற்று உட்கார்ந்தேன். விழாத் திடலிலிருந்து நீராவி ஊதல் கேட்டது.

உபயோகமற்றுப் போன இயந்திரத்தைக் காக்க அன்புள்ள சிலர் போதும் போலிருக்கிறது. உபயோகமுள்ள கல்லூரிக்கு அது போதவில்லை! நீங்கள் போனால் அவசியம் டிராக்டர்களைப் பாருங்கள். அதோடு திரும்பிவிடாமல், அந்தப் படிக்கட்டிலும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.